ஓவியத்தைச் சொல்லுதல்: விபரிப்பு பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

ஓவியம் கண்ணுக்குரிய கலை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கூற்றாகும். அக்கூற்றிலிருந்து இன்னொரு கூற்றும் ஆராயப்படாமலே பெறப்பட்டுவிடுவதுண்டு. விழிப்புலனற்றோருக்கு ஓவியக் கலையிற் பங்கில்லை என்பதே அது. உலகின் பெரிய நூதனசாலைகளும் கலைக்கூடங்களும் தமது சேகரங்களை இணையத்திற் காட்சிக்கு வைக்கத் தொடங்கிய பின்னர் இவ்விரண்டாவது கூற்று கேள்விக்குள்ளாகியுள்ளது. கணினித் திரையிலுள்ள எழுத்துக்களை ஒலியாகவோ பிரெயில் புள்ளிகளாகவோ மாற்றித் தரும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணைகொண்டு விழிப்புலனற்றோர் இணையத்தைப் பயன்படுத்துகின்றனர். அம்மென்பொருள் வாசிப்பது எழுத்தையே. படத்தோடு சொற்களாலான ஒரு விபரிப்பு இணைக்கப்பட்டிருந்தாலன்றிப் படம் இருக்கும் இடம் அவர்களுக்கு வெற்றிடமாகவே இருக்கும்.

இவ்விபரிப்பை எழுதுவது ஒரு தொழினுட்பக் கடமை எனச் சிலர் கருதுவர். இரக்கத்தின்பாற்பட்ட தொண்டு எனப் பிறர் கருதுவர். அது அடிப்படையில் ஒரு திறனாய்வுச் செயல் என்பதும், திறனாய்வுக்குரிய பொறுப்புக்கள் யாவும் அதற்கும் உரியன என்பதுமே இக்கட்டுரையின் கருத்தாகும்.

விதியும் அதன் எல்லையும்

இணையப் பக்கத்திற் படத்தைச் சேர்க்கும் முறை 1993இல் முன்மொழியப்பட்டது. படம் தோன்றாதவிடத்து அதற்குப் பதிலாக வரவேண்டிய சொற்களைக் குறிக்கும் ஏற்பாடு, 1995இல் வெளிவந்த எச்.ரி.எம்.எல். இரண்டாம் பதிப்பில் இடம்பெற்றது. 'மாற்றுரை' எனத் தமிழில் நாம் குறிக்கத்தக்க இவ்வேற்பாடு, எழுத்தை மட்டுமே காட்டவல்ல கணினிகளுக்கும் உதவியது. 1997இன் நான்காம் பதிப்பில் அது கட்டாயமாக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு வெளியிட்ட அணுகுதகைமை வழிகாட்டியின் முதலாவது நெறியே, எழுத்தல்லாத ஒவ்வொன்றுக்கும் எழுத்தாலான நிகரி ஒன்று தரப்படல் வேண்டும் என்பதாகும். 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த திருத்தங்களிலும் அந்நெறி முதலிடத்தை இழக்கவில்லை.

படம் ஆற்றும் பணியைச் சொல்லும் ஆற்றவேண்டும் என்பதே விதியின் சாரம். கடையொன்றின் பக்கத்தில் ஒரு சப்பாத்தின் படம் இருப்பின் அதன் பணி யாதென்பதில் ஐயமில்லை. நிறத்தையும் வடிவையும் கூறிவிட்டால் வாங்குவோர்க்குப் போதும். ஆனால் ஓவியம் ஒன்று ஆற்றும் பணி யாது? இக்கேள்விக்கு விதியில் விடையில்லை. மாற்றுரை இருக்கின்றதா எனச் சோதிக்கும் கணினிக் கருவிக்கும், அவ்வுரை ஓவியத்திற்கு நியாயம் செய்துள்ளதா என்பது தெரியாது. விதி மௌனமாகும் இவ்விடத்திலேதான் திறனாய்வின் பணி தொடங்குகின்றது.

காணாதார்க்கு எழுதிய திதரோ

ஓவியத்தைக் காணாதார்க்குச் சொல்லும் முயற்சி இணையத்தோடு தோன்றியதன்று. ஐரோப்பியக் கலைத் திறனாய்வின் முன்னோடிகளுள் ஒருவராக வைத்தெண்ணப்படும் பிரெஞ்சு அறிஞர் திதரோ, 1759 முதல் 1781 வரை, இடையிடையே விடுபட்ட ஆண்டுகள் நீங்கலாக, பாரிஸ் நகரில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சிகளைப் பற்றி எழுதினார். அவ்வெழுத்துக்கள் அவருடைய நண்பர் கிறிம் நடத்திய கையெழுத்துச் செய்தி மடலில் இடம்பெற்றன. அம்மடலைப் பெற்றோர் ருஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீன் உள்ளிட்ட, தொலைநாட்டு அரசவைகளைச் சேர்ந்தவர்கள். கண்காட்சிக்கு வரவியலாதவர்கள், மடலிற் படங்களும் இல்லை. கண்ணுள்ளோராயினும் அவ்வோவியங்களைப் பொறுத்தவரை அவர்கள் காணாதாரே. அவர்களுக்காகவே ஒவ்வோர் ஓவியத்திலும் யார் எங்கு நிற்கின்றார், ஒளி எப்பக்கத்திலிருந்து வருகின்றது, கை எவ்வாறு மடிந்திருக்கின்றது என்றெல்லாம் திதரோ எழுத வேண்டியிருந்தது. நவீன கலைத் திறனாய்வின் உரைநடை இத்தேவையினால் உருப்பெற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அதே திதரோ 1749இல் விழிப்புலனற்றோர் பற்றிய கடிதம் ஒன்றை வெளியிட்டு, அதன் காரணமாகவும் சிறைவைக்கப்பட்டவர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். அக்கடிதத்தில் வரும் பார்வையற்ற மனிதர், தமக்குக் கண்கள் கிடைப்பதிலும் பார்க்க நீண்ட கைகள் கிடைப்பதே மேல் எனக் கருதுகின்றார். பார்வையுள்ளோரின் உலகமே முழுமையான உலகம் என்னும் எண்ணத்தை இக்கூற்று அசைத்துவிடுகின்றது.

திதரோவின் முறையை விளங்கிக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டு போதுமானது. 1765ஆம் ஆண்டுக் கண்காட்சியில் கிறேஸ் என்னும் ஓவியர், இறந்த பறவைக்காக வருந்தும் ஒரு சிறுமியைத் தீட்டிய படம் இடம்பெற்றது. பறவை கூட்டின் மேற் கிடப்பதையும், அதன் தலை தொங்குவதையும், சிறுமி தலையைக் கையில் தாங்கியிருப்பதையும் திதரோ நுணுக்கமாகக் கூறுகின்றார். அதன்பின் அச்சிறுமியோடு உரையாடத் தொடங்கி, அவள் அழுவது பறவைக்காக மட்டுமன்று, காதலனிடம் இழந்த ஒன்றிற்காகவுமே என்னும் முடிவை நோக்கி நகர்கின்றார். இம்முடிவு ஏற்கத்தக்கதா என்பது வேறு. சிறுமி ஒருத்தியின் துயரத்தின்மீது ஆடவர் ஒருவரின் கற்பனை ஏற்றப்பட்டுள்ளது என இன்றைய வாசகர் மறுக்கலாம். அவ்வாறு மறுப்பதற்கு வேண்டிய விபரங்களைத் திதரோவே தந்திருக்கின்றார் என்பதுதான் இங்கு முதன்மையானது. படத்தை ஒருபோதும் காணாத வாசகரும் பறவை, கூடு, கை, முகம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு திதரோவோடு வாதிட முடிகின்றது.

இதனையே நல்ல விபரிப்புக்கான உரைகல்லாகக் கொள்ளலாம். விபரித்தவரோடு கேட்பவர் முரண்பட இயலுமாயின் அவ்விபரிப்பு தன் கடமையைச் செய்துள்ளது. இயலாதாயின் அது கேட்பவருக்கு ஓவியத்தைத் தரவில்லை; ஓவியத்தைப் பற்றிய ஒரு தீர்ப்பை மட்டுமே தந்துள்ளது.

முதலிற் சொல்லவேண்டியது யாது?

ஓவியத்தின் உறுப்புக்கள் இடத்தில் ஒருங்கே நிலைபெறுகின்றன. கவிதையின் உறுப்புக்கள் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஜேர்மானியத் திறனாய்வாளர் லெஸிங் 1766இல் வெளியிட்ட 'லவோக்கூன்' என்னும் நூலின் அடிப்படை வேறுபாடு இதுவே. விபரிப்பை எழுதுவோர் எதிர்நோக்கும் முதற் சிக்கலும் இதுவாகும். ஒருங்கே நிற்பதை வரிசையாக்க வேண்டும். வரிசையாக்கும்போது எதை முன்வைப்பது என்னும் தெரிவு தவிர்க்க முடியாததாகின்றது.

வரிசை வெறும் வசதிக்கானதன்று என்பதைத் தமிழ் மரபு நன்கறிந்திருந்தது. திருவுருவை அடியிலிருந்து முடிவரை பாடுவது பாதாதிகேசம் எனவும், முடியிலிருந்து அடிவரை பாடுவது கேசாதிபாதம் எனவும் வழங்கும். தெய்வத்தை அடிமுதலாகவும் மானிடரை முடிமுதலாகவும் வருணித்தல் முறை என்பர். உறுப்புக்கள் அவையே, தொடங்கும் இடம் மாறும்போது பார்ப்பவருக்கும் பார்க்கப்படுவதற்கும் இடையிலான உறவு மாறிவிடுகின்றது.

பிரசெல்ஸ் நகரிலுள்ள பெல்ஜிய அரச நுண்கலை நூதனசாலை 1912இற் பெற்றுக்கொண்ட 'இக்காரஸின் வீழ்ச்சியுடனான நிலக்காட்சி' என்னும் ஓவியத்தை இத்தொடர்பில் நோக்குவோம். அது புரூகெலின் ஆக்கமாகவே அறியப்படுகின்றது. இன்று காணப்படுவது தொலைந்துபோன மூல ஓவியம் ஒன்றின் பிரதியாகலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மெழுகினால் ஒட்டிய இறகுகளோடு பறந்து, சூரியனை அணுகியதால் மெழுகுருகிக் கடலில் வீழ்ந்த இளைஞனே இக்காரஸ். இவ்வோவியத்தைப் பின்வருமாறு விபரிக்கலாம்: 'வானிலிருந்து வீழ்ந்த இக்காரஸ் கடலில் மூழ்குகின்றான். அவனுடைய கால்கள் மட்டும் தெரிகின்றன. அருகே ஒரு கப்பல் செல்கின்றது. கரையில் உழவன், இடையன், தூண்டிற்காரன் ஆகிய மூவரும் அதனைக் கவனிக்கவில்லை.' இதிற் பிழையான சொல் ஒன்றுமில்லை. ஆயினும் ஓவியம் செய்வதை இவ்விபரிப்பு செய்யவில்லை.

அதனை வேறு விதமாகவும் சொல்லலாம்: 'உயர்ந்த கரையொன்றில் உழவன் ஒருவன் தலைகுனிந்து, ஒற்றைக் குதிரை பூட்டிய ஏரைப் பிடித்துச் செல்கின்றான். அவனுடைய சட்டைக் கைகளின் சிவப்பே படத்தில் முதலிற் கண்ணைக் கவர்வது. அவனுக்குக் கீழே, ஆடுகளின் நடுவில், இடையன் ஒருவன் கோலில் ஊன்றி நின்று வானத்தைப் பார்க்கின்றான். அப்பால் இளம்பச்சைக் கடல் விரிகின்றது, அடிவானத்திற் சூரியன். வலப்புறத்திற் பெரிய கப்பலொன்று பாய் விரித்துள்ளது. கீழ் வலமூலையில் ஒருவன் நீரை நோக்கிக் கைநீட்டித் தூண்டிலிடுகின்றான். அவனுக்கும் கப்பலுக்கும் இடையில், நீர் சிதறுமிடத்தில், இரு கால்கள் மேனோக்கி உதைகின்றன. உடல் தெரியவில்லை.'

இரண்டாவது விபரிப்பில் இக்காரஸ் இறுதியில் வருகின்றான். அதுவும் கால்களாகவே வருகின்றான். நூதனசாலையில் நிற்போர் தலைப்பை வாசித்துவிட்டு, இக்காரஸ் எங்கே எனத் தேடுவர். உழுத நிலத்தையும் கடலையும் கடந்து வந்த பின்னரே சிறிய கால்களைக் காண்பர். அத்தேடலும் தாமதமுமே அவ்வோவியத்தின் பொருள். ஓவிட் என்னும் உரோமக் கவிஞர் தம் காவியத்தில் உழவனையும் இடையனையும் தூண்டிற்காரனையும் பறப்போரைக் கண்டு வியந்தோராகப் பாடினார். ஓவியரோ அவர்களைத் தத்தம் கருமத்திற் கிடப்போராகத் தீட்டினார். ஒருவனது அழிவு உலகின் அன்றாட உழைப்புக்கிடையே கவனிக்கப்படாது போகின்றது என்பதை முதல் விபரிப்பு செய்தியாக அறிவிக்கின்றது. இரண்டாவது விபரிப்போ கேட்பவரையும் கவனியாதோருள் ஒருவராகச் சற்றுநேரம் நிறுத்திவைக்கின்றது. வரிசையைத் தெரிவது ஓவியத்தை விளங்கிக்கொள்வதன் பயன் என்பது இதனாற் பெறப்படும்.

பூனையும் இந்திரனும்

இரண்டாவது சிக்கல் பெயரிடுதல் பற்றியது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில், நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தைக் காட்டுகின்றார். அங்கு வந்தோர் ஓவியங்களைச் சுட்டி வினவுகின்றனர். அறிந்தோர் விடை கூறுகின்றனர். இவன் காமன், இவள் இரதி என்கின்றனர். இந்தப் பூனை இந்திரன், இவள் அகலிகை, இவன் கௌதமன், அவன் சினத்தால் அவள் கல்லானவாறு இது என விளக்குகின்றனர். ஓவியத்தைச் சொல்லுதல் என்னும் செயலுக்குத் தமிழிற் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

இங்கு வினவியோர் யாவரும் கண்ணுள்ளோர். அவர்களுடைய கண் பூனையைக் கண்டது, இந்திரனைக் காணவில்லை. இந்திரன் சொல்லினாலேயே வந்தான். ஆகவே ஓவியத்தைக் கண்ணொன்றே தந்துவிடும் என்னும் கருத்து, பார்வையுள்ளோரைப் பொறுத்தமட்டிலும் உண்மையன்று. 1939இற் பனோவ்ஸ்கி, உருவங்களை இனங்காணல், கதையையும் மரபையும் இனங்காணல், உட்பொருளை உணர்தல் என மூன்று படிகளை வகுத்தபோது, முதற்படிக்கும் அறிவும் அனுபவமும் வேண்டும் என்பதையும் உணர்த்தினார். வெறுங்கண் என ஒன்றில்லை.

அவ்வாறாயின் விபரிப்பை எழுதுவோர் பூனை என்பதா, இந்திரன் என்பதா? பூனை என்பதோடு நின்றால் கதை இழக்கப்படும். இந்திரன் என்று மட்டும் கூறினால் ஓவியர் தீட்டிய விலங்கு மறைந்துபோகும். இரண்டையும் கூறல் வேண்டும்; எது கண்ணாற் பெறப்பட்டது, எது அறிவாற் பெறப்பட்டது என்பது கேட்பவருக்குத் தெரியவும் வேண்டும். கொழும்பிற் பிறந்து, 1917 முதல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிற் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி இவ்வொழுங்கைப் பேணியவர். 1918இல் நூலாக வெளிவந்த 'சிவ நடனம்' என்னும் தொகுதியின் பெயர்க் கட்டுரையில், ஆடவல்லான் திருவுருவின் தத்துவத்திற்குச் செல்லுமுன், சடை, கைகள், கால்கள், அணிகள் என உருவை உறுப்புறுப்பாகச் சொல்லிச் செல்கின்றார். அவருடைய தத்துவ விளக்கத்தை ஏற்காதோரும் அவ்வுறுப்புக்களிலிருந்து தொடங்கி வேறு விளக்கம் காணலாம்.

பெயரிடுதலில் இன்னொரு கூறும் உண்டு. ஓவியத்தில் வெண்தோலினர் தோன்றினால் 'ஒரு பெண்' என்றும், கருந்தோலினர் தோன்றினால் 'ஒரு கறுப்பினப் பெண்' என்றும் எழுதும் வழக்கம் மேனாட்டு விபரிப்புக்களிற் காணப்பட்டது. ஒன்றை இயல்பாகவும் மற்றதை விலகலாகவும் கொள்ளும் பார்வை இதில் ஒளிந்துள்ளது. இன்று நூதனசாலைகள் வகுத்துள்ள வழிகாட்டிகள் இவ்விடயத்தில் அவதானம் வேண்டுகின்றன. கூறுவதாயின் எல்லோருக்கும் கூறு என்பதே நேர்மையான நெறியாகும்.

நடுநிலை என்னும் பெயரில்

விபரிப்பவர் தம் கருத்தைக் கூறாது கண்டதை மட்டுமே கூறவேண்டும் என்பது இத்துறையில் நெடுங்காலம் வழங்கிய விதி. கேட்பவர் தாமே முடிவுசெய்யட்டும் என்பது அதன் நோக்கம். அந்நோக்கம் போற்றத்தக்கதே. எனினும், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவரும், தாமே பார்வையற்றவரும், ஓவியக் கலைஞர் குடும்பத்திற் பிறந்தவருமான ஜோர்ஜினா கிளீக், 2018இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக வெளியீடாக வந்த நூலில் இவ்விதியைக் கடுமையாக வினவுகின்றார். பார்வையற்றோருக்கு நிறமும் ஒளியும் பொருளற்றவை என்றோ, விளக்கம் அவர்களைக் குழப்பிவிடும் என்றோ கருதுவது, தத்துவ நூல்களில் உலவும் கற்பனைப் பார்வையற்றவரை மெய்யான மனிதர் என நம்புவதன் விளைவு என்பது அவருடைய நிலைப்பாடு. பார்வையற்றோருட் பலர் முன்னர் கண்டவர்கள். சிலர் ஓரளவு காண்பவர்கள். எவரும் காணாதவராயினும் மொழியின் வாயிலாகச் சிவப்பின் பொருளை அறிந்தவரே.

கிளீக்கின் கண்டனம் பெரிதும் ஏற்கத்தக்கது. ஆயினும் நடுநிலையைக் கைவிடுவதனால் மட்டும் விபரிப்பு சிறந்துவிடாது. 'இம்முகம் துயருற்றது' என்பது தீர்ப்பு; 'இமைகள் தாழ்ந்துள்ளன, உதடுகள் இறுகியுள்ளன' என்பது சான்று. தீர்ப்பை மட்டும் பெற்றவர் நம்பவேண்டியவராகின்றார். சான்றையும் பெற்றவர் தாமும் தீர்ப்பளிக்க வல்லவராகின்றார். இதனை மெய்யான சமத்துவம் எனலாம்.

நடைமுறையில் இதற்கு இடமளித்த முயற்சிகளுள் சிக்காகோ நகரின் தற்காலக் கலை நூதனசாலையினது குறிப்பிடத்தக்கது. 2015இற் புதுப்பிக்கப்பட்ட தனது இணையத்தளத்திற்கென, சீனா பஹ்ராம் என்னும் பார்வையற்ற கணினி அறிஞரின் பங்களிப்போடு, 'கயோற்றி' என்ற மென்பொருளை அது உருவாக்கியது. படங்களுக்குக் குறுவிபரிப்பு, நெடுவிபரிப்பு என இரண்டை எழுத இம்முறை வழிசெய்கின்றது. குறுவிபரிப்பைக் கேட்டு அப்பாற் செல்வதா, நின்று கேட்பதா என்பது கேட்பவரின் விருப்பம். கலைக்கூடத்தில் நடப்போருக்கு உள்ள சுதந்திரமும் அதுவேயன்றோ?

இவ்விரட்டை முறையின் தேவையை மலேவிச் 1915இற் காட்சிக்கு வைத்த 'கறுப்புச் சதுரம்' நன்கு புலப்படுத்தும். வெண்புலத்திற் கறுப்புச் சதுரம் எனக் குறுவிபரிப்பு முடிந்துவிடும். நெடுவிபரிப்போ, அதன் பக்கங்கள் முற்றும் நேரானவையல்ல என்பதையும், கறுப்பின் மேற்பரப்பு காலத்தால் வெடித்து வலைபோலப் பிளவுற்றுள்ளது என்பதையும், முதற் காட்சியில் அது ருஷ்ய வீடுகளில் திருவுருவங்கள் வைக்கப்படும் மேல் மூலையில் மாட்டப்பட்டது என்பதையும் கூறலாம். ஒரு வரியில் அடங்கும் எனக் கருதப்பட்ட படம் விரிவதைக் கேட்பவர் உணர்வார்.

மாற்றுரையைக் கவிதையாகக் கருதவேண்டும் என்னும் கருத்தை பொஜானா கொக்லியற், ஃபினெகன் ஷனன் ஆகிய இரு கலைஞர்கள் அண்மையில் முன்வைத்துள்ளனர். சொல்லின் சிக்கனத்தையும் தெரிவையும் வலியுறுத்துமளவில் அது பயனுள்ளது. விபரிப்பின் அழகு ஓவியத்தை மறைத்து நிற்குமாயின் அங்கு மீண்டும் தீர்ப்பே கிடைக்கும் என்பதையும் மறத்தலாகாது.

இயந்திரம் இப்பணியை மேற்கொள்ளத் தொடங்கியுள்ளமையும் நோக்கற்பாலது. 2016இல் முகநூல் நிறுவனம், படத்தில் இருக்கக்கூடிய பொருட்களைத் தானாகவே பட்டியலிடும் முறையை அறிமுகப்படுத்தியது. 2023 முதல் முழு வாக்கியங்களில் விபரிக்கும் செயற்கை நுண்ணறிவு பரவலாகியுள்ளது. கடிதத்தையோ மருந்துப் போத்தலையோ வாசிக்க இது பேருதவியாகும். எழுதுவாரின்றிக் கிடக்கும் எண்ணற்ற படங்களுக்கு ஒன்றுமில்லாமையிலும் இது மேலானது. ஆனால் புரூகெலின் கால்களை எப்போது சொல்லவேண்டும் என்னும் கேள்விக்கு ஒருவர் விடையளிக்கும்போது அவ்விடைக்கு அவர் பொறுப்பாளியாகின்றார். இயந்திரத்தின் கூற்றுக்குப் பொறுப்பேற்பார் இல்லாதவிடத்து, யாரோடு முரண்படுவது?

நமது கடமை

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயம், தனது முப்பதாவது உறுப்புரையில் பண்பாட்டு வாழ்விற் பங்குபற்றும் உரிமையை ஏற்றுக்கொள்கின்றது. இலங்கை இதனை 2016இல் உறுதிப்படுத்தியது. உரிமை ஏட்டில் உள்ளது. அதனை நிறைவேற்றும் சொற்களை எழுதவேண்டியோர் யார்?

2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பெருந்தொகையாகச் சேர்க்கப்பட்டுள்ளன. இவற்றுட் பெரும்பாலானவை பக்கங்களின் படங்களாக உள்ளன. எழுத்துணரி என்னும் மென்பொருளால் அப்பக்கங்களின் சொற்களை மீட்கலாம். ஆனால் அச்சஞ்சிகைகளின் அட்டை ஓவியங்களையும், கதைகளுக்கு வரையப்பட்ட கோட்டுச் சித்திரங்களையும் எழுத்துணரி மீட்காது. அவற்றை ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும். நமது ஓவிய வரலாற்றின் கணிசமான பகுதி அவ்வட்டைகளிலேயே உள்ளது என்பதை எண்ணின், இப்பணி பார்வையற்ற வாசகருக்கு மட்டும் உரியதன்று என்பது புலனாகும். ஓவியங்களைப் பற்றி நாம் எழுதும்போது 'உயிரோட்டமானது', 'ஆழமானது' என்னும் தீர்ப்புக்களை விரைந்து வழங்கிவிடுகின்றோம். படத்தில் என்ன இருக்கின்றது என்பது அத்தீர்ப்புக்களால் எவருக்கும் தெரிவதில்லை. பார்வையற்ற ஒருவர் கேட்பார் என்னும் நினைவோடு எழுதுவோமாயின், பார்வையுள்ளோருக்கும் நமது திறனாய்வு தெளிவுறும்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் மலர் வெளியிடுகின்றன. ஒவ்வொரு மலரிலும் அதன் அட்டை ஓவியத்தின் நெடுவிபரிப்பு ஒரு பக்கம் இடம்பெறட்டும். எழுதியவர் அதற்குத் தம் பெயரை இடட்டும். அதனைக் கேட்கும் பார்வையற்ற மாணவர் ஒருவர், அடுத்த மலரில் அதனை மறுத்து எழுதும் நாளில், ஓவியம் கண்ணுக்கு மட்டுமுரிய கலை என்னும் கூற்று தானாகவே வலுவிழக்கும்.